'சாங்ஆனின் மிக நீண்ட நாள்': எங்கே அசத்துகிறது, எங்கே சறுக்குகிறது?

கேள்வி இதுதான்: "சீன வரலாற்றுத் துப்பறியும் தொடர் என்றாலே 'சாங்ஆனின் மிக நீண்ட நாள்' தொடரைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு எபிசோட் விறுவிறுவென்று போனது. அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. அப்படி என்ன இருக்கிறது இதில்? மிச்சத்தையும் பார்க்கலாமா?"

பார்க்கலாம். ஆனால் எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஏமாற்றம் குறையும். ஒரு பெருநகரம் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து மர்மம் முளைக்கும் இடங்களில் இந்தத் தொடருக்கு ஈடே கிடையாது. அரண்மனை ஆட்கள் உட்கார்ந்து பேசி அந்த மர்மத்தை அவிழ்க்கும் இடங்களில் இது சாதாரணத் தொடராகிவிடுகிறது. நீங்கள் சோர்ந்துபோனது இந்த இரண்டாவது வகை தலைகாட்டத் தொடங்கும் இடத்தில்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. மா போயோங் எழுதிய நாவலைத் தழுவி ட்ஸாவ் துன் இயக்கிய 48 எபிசோட் தொடர் இது. 2019 ஜூன் மாதம் யோகு தளத்தில் வெளியானது. கதை நடப்பது தாங் பேரரசின் தலைநகரான சாங்ஆனில், அதாவது இன்றைய ஷிஆனில். ஆண்டு 744. விளக்குத் திருவிழா நாளன்று காலை பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை பத்து மணிக்கு முடிகிறது. துருக்கிய வீரர்கள் சிலர் வணிகர் வேடத்தில் ஊருக்குள் நுழைந்திருக்கிறார்கள். இரவு விழாவில் நகரத்தையே எரிப்பது அவர்கள் திட்டம். அவர்களைப் பிடிக்க, நகரப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஜிங்ஆன் அலுவலகம் விரிக்கும் முதல் வலை, முதல் எபிசோடிலேயே அறுந்துபோகிறது. வேறு வழியில்லாமல், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஜாங் ஷியாவ்ஜிங் என்ற கைதியை வெளியே எடுக்கிறார்கள். பத்து வருடம் மேற்கு எல்லையில் போர்வீரன், ஒன்பது வருடம் இதே ஊரில் குற்றவாளிகளைத் துரத்திய காவலன். ஊரின் சந்து பொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரு நாளுக்குள் சதிகாரர்களைப் பிடித்தால் மன்னிப்பு, இல்லையென்றால் பழையபடி தண்டனை.

இனி பலம். முதலில் அந்த ஊரைச் சொல்ல வேண்டும். சாங்ஆன் சுமார் 84 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, மதில் சூழ்ந்த நகரம். உள்ளே கட்டம் போட்டதுபோல 108 பேட்டைகள். ஒவ்வொரு பேட்டைக்கும் தனி மதில், தனி வாசல். பொழுது சாயும்போது முரசு அடிப்பார்கள், வாசல்கள் மூடப்படும். அதற்குப் பிறகு பெருந்தெருவில் நடமாடினால் தாங் சட்டப்படி இருபது பிரம்படி. சந்தைக்கும் கட்டுப்பாடு உண்டு: நண்பகலில் முந்நூறு முரசடி கேட்டால்தான் திறக்கும். இப்படிப்பட்ட ஊரில் குற்றவாளியைப் பிடிப்பது சாதாரண நாளில் கஷ்டமே இல்லை. வாசலை அடைத்துவிட்டு ஒவ்வொரு பேட்டையாகத் தேடினால் போதும். ஆனால் வருடத்தில் விளக்குத் திருவிழாவை ஒட்டிய சில இரவுகளில் மட்டும் ஊரடங்கு கிடையாது. எல்லா வாசலும் விடிய விடியத் திறந்திருக்கும், ஊரே தெருவில் நிற்கும். கதையை அந்த நாளில் வைத்தது எவ்வளவு பெரிய யோசனை! இருட்டுவதற்குள் பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடியை யாரும் செயற்கையாக உருவாக்கவில்லை. ஊரின் சட்டமே கொடுத்துவிடுகிறது.

துப்பறிதலும் அப்படித்தான் ஊரோடு பின்னிக் கிடக்கிறது. சதிகாரர்களுக்கு முதலில் தேவைப்படுவது நகரின் வரைபடம். எந்தப் பேட்டையில் எந்தச் சந்து எங்கே போய் முட்டுகிறது என்று காட்டும் விரிவான வரைபடம் வெளியாள் கையில் கிடைக்கக்கூடாத பொருள். அது ஏன் அவர்களுக்கு வேண்டும், வேறு யாரிடம் இருக்கும், யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று படிப்படியாக யோசித்துப் போகிறது ஜாங்கின் விசாரணை. இறந்தவன் நகத்துக்கடியில் மண் இருந்தது என்பதுபோல வானத்திலிருந்து விழும் துப்புகள் இங்கே குறைவு. இந்த ஊரில் இப்படித்தான் நடக்கும் என்ற அறிவுதான் துப்பு. இந்த ரகத் தொடர்களில் இதை இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஜிங்ஆன் அலுவலகத்தின் இரண்டு கருவிகள் தனியாகப் பேச வேண்டியவை. ஒன்று, ஊர் முழுக்க நிற்கும் காவல் கோபுரங்கள். பகலில் வண்ணப் பலகை, இரவில் விளக்கு, கூடவே முரசு என்று செய்தி ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். தலைமையகத்தில் நகரத்தின் பெரிய மாதிரி ஒன்றைத் தரையில் பரப்பி வைத்து, வரும் செய்திக்கேற்ப குறி நகர்த்துகிறார்கள். இரண்டாவது, ஆவணக் கூடம். ஷூ பின் என்ற சிறு அதிகாரி வரி, சரக்கு, குடிப்பதிவு, வழக்கு என்று மலைபோல் குவிந்த சுருள்களைப் புரட்டி, இன்ன தேதியில் இன்ன வாசல் வழியாக இன்ன சரக்கு அளவுக்கு மிஞ்சி வந்திருக்கிறது என்பதுபோலக் கணக்குப் போட்டே ஆளைக் கண்டுபிடிக்கும் முறை வைத்திருக்கிறார். வரலாற்றில் ஜிங்ஆன் அலுவலகம் என்று ஒன்று இருந்ததில்லை. இந்தக் கோபுர வலையும் பெரும்பாலும் கற்பனை. ஆனால் தாங் அரசு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் அரசு என்பது உண்மை. குடும்பம், நிலம், பயணச் சீட்டு எல்லாவற்றுக்கும் பதிவு இருந்தது. அந்த உண்மையின் மேல் ஏறி நிற்பதால் கற்பனையும் நம்பும்படி இருக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. சதிகாரர்களின் தடம் தெரிந்துகொள்ள ஜாங், கீழுலகத்தை ஆளும் கெ லாவ் என்ற கிழவனிடம் போகிறான். அடிமையாக வந்து, நிழலுலகின் தலைவனாக வளர்ந்தவன் கெ லாவ். தகவலுக்கு அவன் கேட்கும் விலை காசு இல்லை. தன் கூட்டத்துக்குள் காவல்துறை நட்டு வைத்திருக்கும் உளவாளி யார் என்று சொல்ல வேண்டும். அந்த உளவாளியை அங்கே அனுப்பியதே ஜாங்தான். ஷியாவ் யி, சின்னப் பையன். லட்சக்கணக்கான உயிர் ஒரு பக்கம், இவன் ஒருவன் மறுபக்கம். ஜாங் பெயரைச் சொல்கிறான். பையனின் முடிவும் அவன் கையாலேயே நடக்கிறது. அதற்குப் பிறகு தன் விரல் ஒன்றைத் தானே வெட்டிக்கொள்கிறான். பின்னணி இசையை ஏற்றி நம்மை அழவைக்கப் பார்க்கவில்லை. ஜாங் தன்னை நியாயப்படுத்தி ஒரு வார்த்தை பேசுவதில்லை. புயலில் சிக்கிய படகில் நூறு பேரைக் காப்பாற்ற ஒருவனைப் பலி கொடுக்கலாமா என்ற கேள்வி இந்தக் கதையில் எழுகிறது. அதற்கு ஜாங்கின் பதில்: செய்துதான் ஆக வேண்டும், ஆனாலும் அது தவறுதான். இரண்டையும் சேர்த்தே சுமக்கிறான். சதியை முறியடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் எந்த எபிசோடிலும் நம்புவதில்லை. துப்பறியும் நாயகனுக்கு இப்படி ஒரு மனச்சுமையை எழுதியதற்காகவே இந்தத் தொடருக்கு நிறைய மன்னித்துவிடலாம்.

ஜாங்காக நடிக்கும் லெய் ஜியாயின் இல்லையென்றால் இது எடுபட்டிருக்காது. சோர்ந்த கண், ஓடும்போது மூச்சு வாங்குவது, சூடான ஆட்டுக்கறிச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடும் ருசி, எல்லாமே நம் தெருவில் பார்த்த ஆள் போல இருக்கும். எதற்காக இந்த ஊரைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டால், அரசர் பெயரோ நாட்டின் பெயரோ சொல்ல மாட்டான். காலையில் ரொட்டி சுடுகிறவரையும் தெருவில் பிழைப்பு நடத்துகிறவர்களையும் பற்றிப் பேசுவான். எதிர்ப்பக்கம் லி பி, அலுவலகத்தை நடத்தும் இளம் அதிகாரி. தாவோ மதத் துறவியின் ஒழுக்கம், அரசியல் கணக்கு, உலகம் தெரியாத பிடிவாதம் மூன்றும் கலந்த பாத்திரம். ஜாக்சன் யீ இதில் நடித்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. பாட்டுக் குழுவில் இருக்கும் பையனை எதற்குப் போட்டார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த விறைப்பு பொருத்தமாகவே பட்டது. இந்தப் பாத்திரத்துக்கு மூலமான லி மி 722-இல் பிறந்தவர், 744-இல் அவருக்கும் இருபத்து இரண்டுதான். பின்னாளில் முதலமைச்சரானவர்.

உடை, ஒப்பனை, சாப்பாடு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெண்களின் நெற்றியிலும் கன்னத்திலும் தீட்டிய சிவப்பு, இரு கையையும் மார்புக்கு முன் கோத்து வைக்கும் வணக்கம், லி பி கொண்டையில் பின்னாலிருந்து முன்னாக ஏறும் ஊசி எல்லாம் சுவரோவியங்களையும் பழைய நூல்களையும் பார்த்து யோசித்துச் செய்தவை. தொடரில் விழாவுக்காக எழுப்பும் பிரம்மாண்ட விளக்குக் கோபுரத்துக்கும் ஆதாரம் உண்டு. மாவ் ஷுன் என்ற கைவினைஞர் கதை நடக்கும் காலத்துப் பேரரசருக்காக 150 ச்சி, அதாவது ஏறக்குறைய 45 மீட்டர் உயர விளக்குக் கோபுரம் கட்டியதாகத் தாங் காலத்துக் குறிப்பு இருக்கிறது. தொடரிலும் கோபுரத்தைக் கட்டுபவர் மாவ் ஷுன்தான்.

சரி, இப்போது குறைகள். இங்கிருந்து கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போகிறேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசி இரண்டு பத்திகளுக்குத் தாவிவிடுங்கள்.

முதல் குறை கணக்கிலேயே இருக்கிறது. கதை நடப்பது 24 மணி நேரம். 48 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி என்றால் நாம் பார்ப்பது 36 மணி நேரம். கதையில் ஓடும் நேரத்தைவிடத் திரையில் ஓடும் நேரம் அதிகம்! ஒரே சமயத்தில் நான்கு இடத்தில் நடப்பதைக் காட்டுகிறோம் என்று சமாதானம் சொல்லலாம். முதல் பாதியில் அது சரியாகவும் இருக்கிறது, ஒரு பக்கம் துரத்தல், மறுபக்கம் ஆவணக் கூடம், இன்னொரு பக்கம் சதிகாரர்கள். பின்பாதியில் அப்படி இல்லை. பொழுது விடிய இன்னும் சில நாழிகைதான் என்று எழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேர் சாவகாசமாக உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள். கெடு வைத்து ஓடும் கதையில் பார்வையாளருக்குக் கடிகாரத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டால் திரும்பி வராது.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது, என் பார்வையில் தொடரின் முதுகெலும்பே அங்கேதான் வளைகிறது. இரவு தொடங்கிய பிறகு 'எறும்புகள்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் கூட்டம், லோங் போ என்பவன் தலைமையில், ஜிங்ஆன் அலுவலகத்துக்குள் புகுந்து ஆட்களை வெட்டிச் சாய்த்து எரித்துவிடுகிறது. லி பியையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு பதறும் கட்டம் இது, தனியாக எடுத்துப் பார்த்தால் தொடரின் உச்சங்களில் ஒன்று. எதிரி முதலில் ஊரின் கண்ணைக் குருடாக்குகிறான் என்பது அருமையான உத்தி. ஆனால் கோபுரங்கள் ஊமையாகி, ஆவணங்கள் சாம்பலான பிறகு எதை வைத்துத் துப்பறிவது என்று எழுதியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. கண்ணிழந்த ஊரில் வாய்மொழியும் தெருப்பழக்கமும் மட்டும் வைத்து ஜாங் தேடியிருந்தால் இன்னொரு அற்புதமான பாதி கிடைத்திருக்கும். கொஞ்சம் அப்படித் தொடங்கவும் செய்கிறது. பிறகு அந்த வெற்றிடத்தை அரசியல் வந்து அடைத்துக்கொள்கிறது: முதலமைச்சர் கட்சி, பட்டத்து இளவரசர் கட்சி, யுவான் ஜாய் என்ற அதிகாரியின் பதவி ஆசை, யார் யாரைக் காட்டிக்கொடுப்பது. யுவான் ஜாயாக வரும் நடிகர் பிரமாதமானவர், ஒவ்வொரு காட்சியையும் ரசிக்க வைக்கிறார், அது வேறு விஷயம். ஆனால் அவர் வரும்போதெல்லாம் வழக்கு நின்றுபோகிறது.

மூன்றாவது, சூத்திரதாரி யார் என்ற விடை. எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது ஆவணக் கூடத்தின் ஷூ பின்தான். யோசனை அளவில் இதைவிட நல்ல விடை இருக்க முடியாது. ஆயிரம் கைதிகளில் ஜாங்கைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்ததே ஷூ பின்தான். அது முதலிலேயே நம் கண்ணெதிரே நடக்கிறது. ஊரையே எண்களாகப் படிக்கத் தெரிந்தவனால்தான் ஊரையே பொறியாக மாற்ற முடியும். நாவலில் சூத்திரதாரி வேறு ஆள். தொடரில் மாற்றியதைத் துணிச்சல் என்றே சொல்வேன். ஆனால் விதைத்ததை அறுக்கத் தெரியவில்லை. இடையில் நாம் சந்தேகப்படவோ, சந்தேகத்தைக் கைவிடவோ போதுமான துப்புகள் கொடுக்கப்படவில்லை. கடைசியில் அவரே நீளமாகப் பேசி விளக்குகிறார். பிறப்பும் குடும்பமும் இல்லாத திறமைசாலிக்கு இந்த அரசில் மேலே போக வழியில்லை என்ற அவருடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை முப்பது எபிசோடாக ஒரு பார்வையில், ஓர் அவமானத்தில், மேலதிகாரி காதில் வாங்காத ஒரு யோசனையில் காட்டியிருக்க வேண்டும். கொஞ்சம்தான் காட்டினார்கள். விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்து "ஆமாம், அங்கேயே சொல்லிவிட்டார்களே" என்று ஐந்தாறு இடங்கள் தோன்ற வேண்டும். இதில் எனக்கு ஒன்றிரண்டுதான் தோன்றியது.

லோங் போவின் கதையிலும் இதே சிக்கல். எல்லைக் கோட்டையில் கைவிடப்பட்டு, பெரும்பாலோர் செத்து, மிஞ்சிய சில வீரர்களில் ஒருவன் அவன். ஜாங்கின் பழைய தோழன். ஒரே காயத்திலிருந்து ஒருவன் காவலனாகவும் இன்னொருவன் கலகக்காரனாகவும் ஆனான் என்பது வலுவான கரு. ஆனால் பேரரசரைப் பிடித்துக்கொண்டுபோய் ஊர் சனங்களின் நடுவே நிறுத்தும் பகுதியில் பாத்திரங்கள் ஆளுக்கொரு பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அதுவரை செயலால் பேசிய தொடர் அது.

பெண் பாத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக: தான் ச்சி தொடக்கத்தில் கூர்மையான ஆள், லி பியின் நம்பிக்கைக்குரியவள், தனக்கென்று கருத்துள்ளவள். போகப்போக ஜாங்கைப் பார்த்து உருகுவதுதான் அவள் வேலை என்றாகிவிடுகிறது. ஜாங்கின் இறந்த தோழனின் மகள் வென் ரான் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறாள். சதிகாரர் பக்கம் நிற்கும் கொலைகாரி யூச்சாங்குக்குக் கிடைத்த உறுதி மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வரலாற்றுப் பிழை என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதில் முக்கியமானது வெடி. வெடிமருந்தை ஆயுதமாகச் செய்யும் முறை நூலில் பதிவாவது 1044-இல். 744-இல் இவ்வளவு துல்லியமாக வெடிக்கும் கலங்கள் இருந்திருக்க முடியாது. நான் இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. லின் ஜியூலாங், ஹே ஜிஜெங் என்று நிஜ மனிதர்களின் பெயரைச் சற்றே மாற்றி வைத்ததிலேயே இது கற்பனை என்று சொல்லிவிட்டார்கள். மறுபுறம், காலத்தின் தேர்வு மிகச் சரியானது. கிழக்குத் துருக்கியப் பேரரசு உடைந்து சிதறிக்கொண்டிருந்த நேரம் அது, 745-இல் முற்றிலும் முடிந்துபோனது. எனவே கடைசி மூச்சில் அடிக்கும் அடி என்ற சதிகாரர்களின் வெறி பொருந்துகிறது. இன்னொரு சுவையான செய்தி: ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம் 755-இல் வெடித்து, மறு வருடம் பேரரசர் தலைநகரை விட்டு ஓடும் வழியில், அமைச்சர் யாங் குவோஜோங்கை அம்பெய்து குதிரையிலிருந்து வீழ்த்தியவன் பெயர் ஜாங் ஷியாவ்ஜிங் என்று ஒரு தாங் நூல் சொல்கிறது. அவனைப் பற்றி அந்த ஒரு வரிதான். அந்த நூலை எழுதியவர் யாவ் ருநெங். தொடரில் ஜாங்குடன் திரியும் இளநிலை அதிகாரிக்கு அதே பெயர்.

உங்களுக்கு என் யோசனை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், ஆனால் அலுவலகம் எரியும் வரை ஒரே மூச்சில் பாருங்கள். நாளுக்கொரு எபிசோட் என்றால் யார் எந்தக் கட்சி, எந்தப் பேட்டை எங்கே என்பது மறந்துவிடும். அதற்குப் பிறகு முதலமைச்சர் மாளிகைக் காட்சிகளை வேகமாக ஓட்டினாலும் பெரிய நஷ்டமில்லை. ஜாங் வரும் காட்சி, லோங் போ வரும் காட்சி, விளக்குக் கோபுரக் காட்சி, இவற்றை மட்டும் ஓட்டாதீர்கள். ஆங்கில வசன வரிகளில் பதவிப் பெயர்கள் குழப்பும். ஆரம்பத்திலேயே நகரின் பேட்டை வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பேரரசரின் அரண்மனை வடக்கே, நடுவில் 150 மீட்டர் அகலப் பெருந்தெரு, அதன் இருபுறமும் இரண்டு மாவட்டம், ஆளுக்கொரு சந்தை. மேற்குச் சந்தை வெளிநாட்டு வணிகர்களுடையது, கதை தொடங்குவது அங்கே.

ஒருவேளை நீங்கள் தேடுவது ஒரு பிணம், ஐந்து சந்தேக நபர், கடைசியில் ஒரு விடை என்ற முறையான புதிர் என்றால் இது உங்கள் தொடர் இல்லை. 2022-இல் ஐச்சியீ தளத்தில் வந்த 'தாங் காலத்து விசித்திர வழக்குகள்' அதற்குப் பொருத்தம். 36 எபிசோடில் வழக்குகள் தனித்தனியாக வந்து முடிகின்றன, நிதானமாக யோசிக்கும் சூ வூமிங்கும் வாளை உருவும் லூ லிங்ஃபெங்கும் நல்ல ஜோடி. அதில் அமானுஷ்யம் போலக் காட்டிவிட்டுப் பிறகு மனிதர் வேலைதான் என்று அவிழ்ப்பார்கள். அந்தத் திருப்தி சாங்ஆனில் கிடைக்காது. ஆனால் 'விசித்திர வழக்குகள்' தொடரில் வரும் ஊர்கள் வழக்குக்காகப் போடப்பட்ட செட்டுகளாகவே நின்றுவிடும். சாங்ஆன் தொடரில், கதை முடிந்த பிறகும் அந்தத் தெருக்களில் வழி சொல்ல உங்களால் முடியும்.